டீமுக்காக ஒரு அடி

அமெரிக்காவிலிருந்து போன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதுவரைக்கும் ஏசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்காருங்கள் வேணி என்று சொல்லிவிட்டு, முதலாளி மகன் பிரணவ் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். நிம்மதியாமே, நிம்மதி! அம்சவேணிக்கு அந்த நீள மேஜையையும், சுற்றிக் கிடந்த சுழல் நாற்காலிகளையும், மேஜை நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருந்த மீட்டிங் போனையும் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், இன்னொன்றில் உட்கார்ந்தாள், அது கீச்சென்று கத்தியது, சனியன் என்று சொல்லி மறுபடி எழுந்தாள். கீழே தையல் ஹாலில் ஓடுகிற மெஷின்களின் அதிர்வு தரை வழியாக ஏறி உள்ளங்காலில் கூசியது. சொல்ல வேண்டியது ரொம்பச் சின்னப் பேச்சு. ஐ டிராப்ட் த பால். இட் வாஸ் மை டெசிஷன். பந்தைத் தவறவிட்டது நான்தான், முடிவெடுத்ததும் நான்தான், வேறு ஒருத்தருக்கும் இதில் சம்பந்தமில்லை. அவ்வளவுதான் விஷயம். சுதந்திர தினத்துக்குப் பேசப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஸாரி போட வேண்டும் என்பது வரைக்கும் பிரணவ் மத்தியானமே சொல்லிக்கொடுத்துவிட்டான். சொல்லிக்கொடுத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, பெரிய மனதோடு கேட்கிற மாதிரி கேட்டான்: "வேணி, நீங்க ஒரு தடவ டேக் ஒன் ஃபார் த டீம் பண்ணணும். ப்ளீஸ்." டீமுக்காக ஒரு அடி வாங்கிக்கொள்ளுங்கள். அவள் உடனே தலையாட்டினாளா இல்லையா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. ஆட்டியிருப்பாள். இந்தக் கம்பெனிக்குள் நுழைந்த நாளிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கிற தலைதானே.

இந்த விளையாட்டு இங்கிலீஷ் அவளுக்கு வந்த கதையே தனிக்கதை. வெள்ளகோவில் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள், எந்த விளையாட்டிலும் எவளும் அவளை நம்பிச் சேர்த்துக்கொண்டதில்லை, ஒப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நின்றவள்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்தாள். மெர்ச்சண்டைசர் என்றால் பெரிய பதவி என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாங்குகிற வெள்ளைக்காரனுக்கும் தைக்கிற நம்மாளுக்கும் நடுவே நின்றுகொண்டு ரெண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலை அது. சேர்ந்த புதிதில் ஒரு மெயில் வந்தது, விலையை பால்பார்க் ஆகச் சொன்னால் போதும் என்று. பந்து விளையாடுகிற மைதானத்துக்கும் பனியன் விலைக்கும் என்னடா சம்பந்தம் என்று முழித்தாள். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "குத்துமதிப்பாச் சொல்லுங்கறான், அவ்வளவுதாங்க" என்றார். குத்துமதிப்பு! எவ்வளவு லட்சணமான சொல் நம்மிடம் இருக்கிறது என்று அன்றைக்குச் சிரித்தாள். ஆனால் அதிலிருந்து ஒரு வெறி பிடித்துக்கொண்டது. எந்தச் சொல் வந்தாலும் அது எந்த விளையாட்டிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்துவிடுவாள். பந்து உங்கள் கோர்ட்டில் இருக்கிறது என்றால் டென்னிஸ், அடுத்து நகர வேண்டியது நீதான் என்று அர்த்தம். கோல் கம்பத்தை நகர்த்திவிட்டார்கள் என்றால் ஃபுட்பால், ஒத்துக்கொண்ட பிறகு கண்டிஷனை மாற்றுகிறார்கள் என்று அர்த்தம், அதை வெள்ளைக்காரர்கள் மாதத்துக்கு ஒரு தரம் நிஜமாகவே செய்வார்கள். ஹேண்ட்ஸ் டவுன் என்பது குதிரைப் பந்தயம், கடிவாளத்தைத் தளர்த்திவிட்டாலும் ஜெயிக்கிற அளவுக்கு முன்னால் போய்விட்டான் என்று அர்த்தம். லண்டன்காரர்கள் ஸ்டிக்கி விக்கெட் என்று இழுத்தால் இக்கட்டில் மாட்டிக்கொண்டோம் என்று பொருள், அது மட்டும் கிரிக்கெட் என்பதால் தேடாமலேயே பிடிபட்டது. காலையில் பொட்டு வைத்துக்கொள்கிற மாதிரி ஒவ்வொரு மெயிலிலும் ஒன்றை வைக்கப் பழகினாள். அவளிடமிருந்து அது ஹாலுக்குப் பரவியது. அயர்ன் மாஸ்டர் ஒரு நாள் ஆவி பறக்கிற மேஜைக்குப் பின்னாலிருந்து, "அக்கா, நம்ம வேல முடிஞ்சுதுங்க, பால் இப்ப பேக்கிங் கோர்ட்ல இருக்குது" என்றபோது மொத்த ஹாலும் சிரித்தது, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையாம். அப்பப்பா, என்ன பெருமை! அந்தச் சொற்களை எல்லாம் கம்பெனிக்குள் நடமாட விட்டதே நான்தானே, இன்றைக்கு அதில் ஒன்று என் கழுத்துக்கே வந்து நிற்கிறது.

ஜன்னலுக்கு வெளியே கேட்டருகே லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, வாட்ச்மேன் கையை ஆட்டி ஆட்டி வா வா என்றான். அன்றைக்கும் இதே கேட்தான். முதலாளி நல்லசிவம் காரின் கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு பாதி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள், தூத்துக்குடியில் கப்பல் காத்துக்கொண்டிருந்தது, குழந்தை உடுப்புகள் தைத்து முடித்து மலையாகக் கிடந்தன, பட்டன் அடிக்க மட்டும் ஆள் இல்லை. கைக்குழந்தைக்கு இரண்டு காலுக்கும் நடுவே டிக் என்று அழுத்தி மூடுவார்களே, அந்த டிச் பட்டன். கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், விமானம் என்ற சொல்லைக் கேட்டாலே திருப்பூரில் எந்த முதலாளிக்கும் வயிறு கலங்கிவிடும். "அம்மிணி, ராசாமணி யூனிட்டுக்கு அனுப்பி உட்ரு. ஆருக்குந் தெரியப் போறதில்ல" என்றார். ராசாமணி ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரம் போட்ட ஷெட்டில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர். நல்ல மனிதர், பாடுபடுகிறவர், ஆனால் பட்டன் கழலுமா என்று இழுத்துப் பார்க்கிற மெஷின் அவரிடம் கிடையாது. அமெரிக்காக்காரர்கள் வந்து பார்த்து ஒத்துக்கொண்ட இடத்தைத் தவிர வேறெங்கும் ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். அதெல்லாம் ஒப்பந்தத்தில்தான், ஊரில் எல்லோரும் அனுப்புகிறார்கள், எல்லோரும் அனுப்புவது எல்லோருக்கும் தெரியும், அவசரம் என்றால் அனுப்புவதுதான் இங்கே வழக்கம். மெயில் இல்லை, கையெழுத்து இல்லை, காரின் கண்ணாடி ஏறிவிட்டது, அவள் சரிங்கய்யா என்றாள். அடுத்த லாட்டுக்கு யாரும் சொல்லவே தேவைப்படவில்லை, அதுவும் அங்கேயே போனது. ஆமாம், ரெண்டாவது லாட். பிரணவ் மத்தியானம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள்தான் கேட்டாள், "கடல்ல போயிட்டு இருக்கறதுங்க?" என்று. அவன் லேப்டாப்பை மூடியபடியே, "அதப் பத்தி அவங்க கேக்கல, வேணி. நாமளா எதுக்கு எடுத்துக் குடுக்கணும்? கேட்டா பாத்துக்கலாம்" என்றான்.

கேட்கமாட்டார்கள். அதுதான் இந்தப் பேச்சின் சூட்சுமமே. ஒரு பெண் ஒரு தடவை புத்தி கெட்டுப்போய் வெளியே அனுப்பிவிட்டாள் என்று ஆகிவிட்டால், அவளைத் தூக்கிவிட்டோம் என்று ஒரு வரி எழுதி விவகாரத்தை முடித்துவிடுவார்கள், கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கையோடு போகும், ஆர்டர் தொடரும். கடலில் போகிற கண்டெய்னர் பாட்டுக்குப் போய் இறங்கும், கடைகளுக்குப் பிரியும், யாரோ ஒரு தாய் மஞ்சள் வாத்து போட்ட உடுப்பை எடுத்துத் தன் பிள்ளைக்குப் போட்டு டிக் டிக் என்று மூடுவாள். நிஜமாக நடந்ததை அம்சவேணி சொன்னால், முதலாளி சொல்லித்தான் அனுப்பினேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி எத்தனை நாளாக என்று வரும், அதற்கடுத்த கேள்வி வேறு எதெல்லாம் என்று வரும், அப்புறம் கீழே ஓடுகிற அத்தனை மெஷினும் நின்றுபோகும். எது சரி? முதல் லாட்டில் ஒரு பட்டன் கழன்று ஒரு பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டது, தாய் விரலை விட்டு எடுத்துவிட்டாள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அமெரிக்காவில் நம் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற பெக்கி மெயிலில் எப்படி எழுதியிருந்தாள் தெரியுமா, இட் வாஸ் எ க்ளோஸ் கால் என்று. மயிரிழையில் தப்பியது. அதுவும் விளையாட்டுதானாம், அம்பயர் கை தூக்குவதா வேண்டாமா என்று திணறுகிற இடம். கோட்டைத் தொட்டானா தொடவில்லையா என்று பார்க்கிற இடம். ஒரு பிள்ளையின் தொண்டையில் எந்தக் கோடு இருக்கிறது, அங்கே எந்த அம்பயர் நிற்கிறான்? அவள் எச்சிலை விழுங்கினாள். விழுங்கும்போது தொண்டையில் எதுவோ உருண்டையாக ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது, மறுபடி விழுங்கினாள், மறுபடி அதே. மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள், பாதி ஜாக்கெட்டில் கொட்டிவிட்டது.

பெக்கியை நினைத்தால்தான் இன்னும் மோசமாக இருக்கிறது. பெக்கி கெட்டவள் இல்லை. நேரில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், வெயிலில் மூக்கெல்லாம் சிவந்துபோய், போட்ட பொன்னாடையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் நாள் முழுக்கப் போர்த்திக்கொண்டே ஃபேக்டரியைச் சுற்றினாள் பாவம். முந்தின வருடம் ஒரு ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்தபோது எழுதினாள், வேணி, யூ நாக்ட் இட் அவுட் ஆஃப் த பார்க் என்று. மைதானத்தைத் தாண்டியே அடித்துவிட்டாய். நாம் சிக்ஸர் என்போமே, அதேதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவனிடம் அந்த மெயிலைப் படித்துக் காட்டி, அது பேஸ்பால் என்று அரை மணி நேரம் விளக்கினாள், அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சம்பளம் ஏத்துவாங்களா?" என்றான். அவனிடம் இன்றைக்கு இன்னும் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது, வரும்போது இட்லி மாவு வாங்கி வா என்று. வேலை போய்விட்டதுங்க, இட்லி மாவு வாங்கிட்டேனுங்க. சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் நிறைந்தது, ஏசிக் காற்றில் அது சில்லென்று இறங்கியது. வேலை மட்டுமா போகும்? இந்த ஊரில் மெர்ச்சண்டைசர்களின் பெயர் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும். அம்சவேணியா, அந்த பட்டன் கேஸா என்பார்கள், டீ சொல்வார்கள், ரெஸ்யூமை மேஜையில் கவிழ்த்து வைப்பார்கள். ரெண்டு சீசன் போகட்டும், வேறு யூனிட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று பிரணவ் சொன்னான்தான். சொன்னபோது அவன் கண் செல்போனில் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு டேக் ஒன் ஃபார் த டீம் என்பதையும் தேடிப் பார்த்தாள், பழக்கம் விடுமா. பேஸ்பாலில் பந்து தன் மேல் பாய்ந்து வருகிறபோது ஆட்டக்காரன் நகராமல் நிற்கிறான், பந்து விலாவில் மொத்தென்று படுகிறது, அடி பட்டவனுக்கு முதல் பேஸ் என்கிற முதல் மூலை வரைக்கும் நடந்து போகிற உரிமை கிடைக்கிறது. வீடியோ இருந்தது. ஒருத்தன் விலாவைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறான், கூட்டம் எழுந்து கைதட்டுகிறது, கூட ஆடுகிறவர்கள் முதுகில் தட்டுகிறார்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு எங்கேயோ இடித்துக்கொண்டே இருந்தது, என்ன என்று பிடிபடவில்லை, இப்போது இந்த ஜன்னல் பக்கம் நிற்கும்போது சட்டென்று பிடிபட்டது. அங்கே கேப்டன் வந்து, தம்பி நீ போய் அடி வாங்கு என்று ஒருத்தனையும் கேட்கவில்லை. அவனாக நிற்கிறான். அவனுக்கு முதல் பேஸ் கிடைக்கிறது, எனக்கு என்ன கிடைக்கிறது, கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப். பாக்ஸிங்கில் என்றால், ஆட்டம் போதும் என்று துண்டைத் தூக்கிப் போடுகிறவன் அடி வாங்குகிறவன் இல்லை, கயிற்றுக்கு வெளியே நிற்கிற அவனுடைய ஆள். இவன் உடம்பு இனி தாங்காது, நிறுத்துங்கள் என்று அந்த வெளி ஆளுக்குத் தெரிய வேண்டும், அவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு யார் வெளியே நிற்கிறார்கள்? நம் ஊரிலும் ஆட்டத்தை இழுத்துப் பேசத்தான் பேசுகிறோம், ஆனால் நாம் பேசினால் அது திட்டுவதற்கு. போங்காட்டம் ஆடுகிறான், அழுகுணி ஆட்டம், ஓவரா ஆடாதே, அவன் காய் நகர்த்துகிறான் ஜாக்கிரதை. முகத்தில் துப்பின மாதிரி இருக்கும், யாருக்கும் புரியாமல் போகாது. அவர்கள் பேசினால் தடவிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது. அடி என்கிற சொல்லே காணாமல் போய்விடுகிறது, டேக் ஒன், ஒன்றை எடுத்துக்கொள், ஏதோ தட்டில் மைசூர்பாகு நீட்டுகிற மாதிரி. பிரணவ் இதைத் தமிழில் கேட்டிருந்தால் என்னவென்று கேட்டிருப்பான்? எங்கப்பா பண்ணின தப்ப நீங்க பண்ணினதாச் சொல்லிட்டு வேலையை விட்டுப் போயிருங்க. அவன் நாக்கில் அது வந்திருக்குமா? வந்திருக்காது, வளர்ப்பு அப்படி இல்லை, நல்ல வீட்டுப் பிள்ளை. அதனால்தான் இங்கிலீஷில் கேட்டான்.

கதவு திறந்தது. பிரணவ்தான் என்று நினைத்துத் திரும்பினாள், முதலாளி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் அக்குள் நனைந்திருந்தது, ஏசி அறைக்குள் வந்தும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உட்காரவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாப்ட்டியாம்மிணி?" என்றார். "ஆச்சுங்கய்யா" என்று பொய் சொன்னாள். அவர் சுவரில் மாட்டியிருந்த ஏற்றுமதி விருதைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இத்தன குடும்பம் இத நம்பிக் கெடக்குது. நீ ஒருத்தி ஒரு வார்த்த சொன்னாத் தப்பிச்சுக்குவோம். உன்னய உட்டுருவமா நாங்க? எம் புள்ளை மாதிரி நீ." குரல் உடைந்தது, அது நடிப்பு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், இந்த மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தவர், அவள் மாமனார் செத்தபோது தகனம் முடியும்வரை வெயிலில் நின்றவர், அந்த நன்றி அவள் நெஞ்சைப் பிடித்து அமுக்கியது. சரிங்கய்யா என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக, "அந்த ரெண்டாவது கண்டெய்னருங்கய்யா, அது போய்ச் சேர்றதுக்குள்ள ஏதாச்சும் பண்ணணுமுங்க" என்றாள். அவர் கைக்குட்டை நின்றது. "ஒண்ணுக்கு ஆனா எல்லாத்துக்குமா ஆயிரும்? அத்தனையும் நல்லாத்தான் இருக்கும், போ." "ராசாமணியண்ணன்கிட்ட இழுத்துப் பாக்கற மெஷின் இல்லீங்களே." "தெரியும்மிணி" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "நீங்களும் இருப்பீங்களாங்கய்யா, போன் பேசறப்ப?" என்று கேட்டாள். "நா எதுக்கு? எனக்கென்ன இங்கிலீஷு தெரியுது? தம்பி இருக்கறான், பாத்துக்குவான்" என்று சொல்லிக்கொண்டே கதவருகே போய்விட்டார். தெரியும்மிணி. அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கடலுக்கு மட்டும்தான் தெரியாது. அவர் படியிறங்குகிற செருப்புச் சத்தம் மெஷின் சத்தத்துக்குள் கரைகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அப்புறம் கொஞ்ச நேரம் எதையும் நினைக்கக் கூடாது என்று பார்த்தாள், அது நடக்கிற காரியமா. ஐ டிராப்ட் த பால். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, வழவழவென்று, எந்த இடத்திலும் பல்லில் சிக்காமல் வெளியே வந்துவிடுகிறது. ஆயிரம் தடவை எழுதியிருக்கிறாள், லேபிள் தப்பாகப் போனால், கலர் ஒரு சாயல் மாறினால், சாம்பிள் ஒரு நாள் லேட்டானால், ஸாரி ஐ டிராப்ட் த பால், உடனே பெக்கி நோ வொர்ரீஸ் என்பாள். கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொள்ளலாம், துடைத்துக்கொள்ளலாம், அடுத்த ஓவர் இருக்கிறது. கீழே ஹாலில் ஓவர்லாக் லைனில் உட்கார்ந்திருக்கிற சாவித்திரி நினைவுக்கு வந்தாள், போன மாதம்தான் வீடு ஒத்திக்குப் பிடித்திருக்கிறாள். இந்த வேலை இல்லை என்றால் இன்னொரு கம்பெனி, திருப்பூரில் கை இருக்கிற தையல்காரிக்கு வேலையா இல்லை. இல்லாமலும் போகலாம், இப்போது எல்லா இடத்திலும் ஆர்டர் கம்மி. அவள் சோற்றில் நான் மண்ணைப் போட வேண்டுமா? அந்த அமெரிக்கப் பிள்ளை யார், எனக்கு என்ன உறவு? முகம் தெரியாது, ஊர் தெரியாது. சாவித்திரி முகம் தெரியும். அப்படியென்றால் முகம் தெரிந்தவர்களுக்காகப் பொய் சொல்லலாமா? நீ என்ன பெரிய அரிச்சந்திரன் வம்சமா அம்சவேணி, சரிங்க என்று ஆட்டின தலைதானே, இப்போது மட்டும் என்ன வந்துவிட்டது? கேள்விகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றின, எந்தக் கேள்வியும் எந்தக் கேள்வியையும் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு சின்னச் சிவந்த வாய் தெரிந்தது, பல் முளைக்காத ஈறு, எச்சில், உள்ளே வெள்ளையாகப் பளபளவென்று ஒன்று. கண்ணைத் திறந்துவிட்டாள்.

பிரணவ் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான், அவளுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான், போன் மணி அடித்தது. "வேணி, ஹாய் ஹனி" என்றாள் பெக்கி. விடிகாலைக் கரகரப்புக் குரல், பின்னால் எங்கோ நாய் குரைத்தது. எப்போதும் போல் சிரிக்கவில்லை. அந்தத் தாய் போட்டோ அனுப்பியிருக்கிறாள், பட்டன் உள்ளங்கையில் இருக்கிறது, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, எனக்கும் ஒரு பேத்தி இருக்கிறாள் என்று சொன்னாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெயிலில் எழுதுகிற குரலுக்கு மாறி, வெளியே அனுப்பியது யாருடைய முடிவு என்று கேட்டாள். பிரணவ் மேஜைக்குமேல் கையை மெல்ல உருட்டிக் காட்டினான், சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று. அம்சவேணி வாயைத் திறந்தாள். ஐ என்று வந்தது. டிராப்ட் வரவில்லை. அவள் முக்கிப் பார்த்தாள், சத்தியமாக முக்கிப் பார்த்தாள், ஆயிரம் தடவை வந்த சொல் அன்றைக்கு வரவே இல்லை. பெக்கி காத்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷிலேயே ரொம்பச் சின்னச் சின்னச் சொற்களாகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாக வைத்தாள். முதலாளி அனுப்பச் சொன்னார். நான் அனுப்பினேன். அங்கே பட்டனை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. இன்னொரு கண்டெய்னர் கடலில் வந்துகொண்டிருக்கிறது. அதுவும் அங்கே அடித்த பட்டன்தான். தயவுசெய்து அதைக் கடைக்கு விடாதீர்கள்.

பிரணவ் பாய்ந்து மியூட்டை அழுத்தினான். முகம் வெளுத்திருந்தது, இவ்வளவு நாள் அவன் வாயில் இருந்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? போச்சு, எல்லாம் போச்சு. அப்பாகிட்ட நா என்னக்கா சொல்லுவேன்?" "நடந்ததச் சொல்லுங்க, தம்பி" என்றாள். அவளுக்குத் துணிச்சல் எதுவும் வரவில்லை, சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ள முடியுமா என்று மனசு அடித்துக்கொண்டது. போனுக்குள் பெக்கி ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரணவின் விரல் மியூட்டின்மேல் இருந்தது. அவள் அந்த விரலைப் பிடித்து எடுத்துவிட்டு மியூட்டை மறுபடி அழுத்தி எடுத்தாள், அவன் தடுக்கவில்லை, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பெக்கி கண்டெய்னர் நம்பரைக் கேட்டாள், அம்சவேணி செல்போனில் பார்த்துப் படித்தாள், குரல் இடறியதால் கடைசி எண்களை மறுபடி படித்தாள். நிறுத்திவிடுகிறோம் என்றாள் பெக்கி. நாய் குரைப்பது கேட்டது, மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அப்புறம் ஆபீஸ் குரலை விட்டுவிட்டு, வேணி, இனி உன் கதி என்ன, உனக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. தரை வழியாக மெஷின் சத்தம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. "தெரியலீங்க பெக்கி" என்றாள். அதைத் தமிழில் சொல்லிவிட்டோம் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.